பையை மாற்றினாற் போதுமா?

அண்மையில் மாணவர் விழா ஒன்றுக்குச் சென்றிருந்தேன். விழா முடிவில் வந்திருந்தோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடதாசிப் பை கொடுக்கப்பட்டது. பையின் ஒரு பக்கத்திலே பச்சை மையில் ஓர் இலை. மறுபக்கத்திலே பொலித்தீனைத் தவிர்க்குமாறு ஓர் அறிவுரை. உள்ளே விழா மலர், சிற்றுண்டிப் பொதி, ஒரு போத்தல் தண்ணீர். வெளியே கண்டி மழை. பஸ் தரிப்பிடத்தை அடைவதற்கு முன்னரே பையின் அடி ஊறிக் கழன்றது. மலர் சேற்றில் விழுந்தது. அருகிலிருந்த கடையில் ஒரு சொப்பிங் பை வாங்கி, நனைந்தவற்றை அதனுள் இட்டுக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். ஒரு பொதியைக் காவுவதற்கு அன்று மாலை இரண்டு பைகள் செலவாயின. இரண்டும் மறுநாட் காலை ஒரே குப்பைத் தொட்டிக்குச் சென்றன.

விழாக் குழுவினரைக் குறைகூறுவது எனது நோக்கமன்று. அவர்களது எண்ணம் நல்லது. ஆயினும் நல்லெண்ணம் தவறான வினாவொன்றுக்கு விடை தேடப் புறப்படுமாயின், அது சென்றடையும் இடமும் தவறானதாகவே அமையும். கடதாசிப் பையா, பொலித்தீன் பையா என்பது அத்தகைய தவறான வினா. படித்தவர் மத்தியில் இவ்வினா இத்துணை விருப்போடு பேசப்படுவதற்குக் காரணம், அது நமது பழக்கத்தை மாற்றுமாறு நம்மைக் கேட்பதில்லை என்பதே. பையின் மூலப்பொருளை மாற்றினாற் போதும், வாங்கி எறியும் வாழ்க்கை அப்படியே தொடரலாம் என்ற ஆறுதலை அது நமக்குத் தருகின்றது. இந்த ஆறுதல் பொய்யானது என்பதே எனது வாதம்.

கடதாசியின் கணக்கு

முதலிற் கடதாசியை எடுத்துக்கொள்வோம். மரத்திலிருந்து வந்ததாதலால் அது மண்ணோடு மண்ணாகிவிடும், ஆகவே அது குற்றமற்றது என்று எண்ணுவோர் பலர். மண்ணில் மக்குவது உண்மை. ஆனால் ஒரு பொருளின் வரலாறு அது எறியப்படும் இடத்தில் ஆரம்பமாவதில்லை. மரத்தை வெட்டிக் கூழாக்கிக் கடதாசியாக்குவதற்குப் பெருமளவு நீரும் வெப்பமும் இரசாயனப் பொருள்களும் வேண்டும். ஒரே அளவு சாமான் கொள்ளும் கடதாசிப் பை, மெல்லிய பொலித்தீன் பையைவிடப் பல மடங்கு பாரமானது. அதை ஏற்றி இறக்குவதற்கும் அதற்கேற்ப எரிபொருள் செலவாகும். பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைக் கணக்கிட்டது. புவி வெப்பமடைதலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், ஒரேயொரு முறை பாவித்து எறியப்படும் மெல்லிய பொலித்தீன் பைக்குச் சமமாவதற்குக் கடதாசிப் பை குறைந்தது 3 முறை பாவிக்கப்படவேண்டும் என்பது அதன் முடிவு. கண்டியின் மழையில் எந்தக் கடதாசிப் பை மூன்று முறை சந்தைக்குப் போய் வரும்?

இரண்டாவதாக, அந்தக் கடதாசி எங்கிருந்து வருகின்றது? வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களில் ஆரம்பிக்கப்பட்டபோது, வயல்களில் மிஞ்சும் வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு இயங்கியது. ஒரு விவசாய நாட்டுக்குப் பொருத்தமான சிந்தனை அது. அந்த ஆலையையும் பின்னர் எம்பிலிப்பிட்டியாவில் எழுந்த ஆலையையும் நாம் எந்த நிலைக்கு வரவிட்டோம் என்பதை எல்லோரும் அறிவோம். நாட்டின் கடதாசித் தேவையில் பெரும்பகுதி கப்பலில் வருகின்றது. 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி இல்லாத காரணத்தால் கடதாசி இறக்குமதி தடைப்பட்டு, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டமை நமது தலைமுறைக்கு மறக்கக்கூடிய செய்தியன்று. பிள்ளைகளின் பரீட்சைக்குக் கடதாசி இல்லாதுபோன ஒரு நாட்டிலே, அரைமணி நேரம் காவி எறிவதற்குப் புதுக் கடதாசியிற் பை செய்வதைச் சுற்றாடற் பணி என்று அழைப்பது எவ்வகையில் நியாயம்?

மூன்றாவதாக, கடதாசி மக்கும் விதத்தையும் கவனிக்கவேண்டும். காற்றுப்படும் மண்ணில் மக்குவது வேறு. குப்பை மேட்டின் ஆழத்தில், காற்றின்றி அழுகுவது வேறு. பின்னையதில் கடதாசி மெதேன் வாயுவை வெளியிடுகின்றது. அது காபனீரொட்சைட்டைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. ஆகவே, "மக்கும்" என்ற ஒரு சொல்லை மந்திரம்போல் உச்சரித்துவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது.

இவ்விடத்திலே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடவேண்டும். பழைய பத்திரிகைகளையும் எழுதி முடிந்த பயிற்சிக் கொப்பிகளையும் வெட்டி ஒட்டி வீடுகளிலே செய்யப்படும் பைகள் நமது பெட்டிக்கடைகளில் நெடுங்காலமாக உள்ளன. யாரோ ஒரு சிறுவனின் கணக்கு விடைத்தாளிலே சுற்றிய வடையை நம்மில் உண்ணாதவர் யார்? உணவுக்கு அச்சுமை ஏற்றதா என்பது தனிக் கேள்வி. ஆனால் அப்பை, ஏற்கனவே பயன் முடிந்த கடதாசிக்குக் கிடைத்த இரண்டாவது வாழ்வு. விழா மண்டபத்துப் பச்சை இலைப் பையோ, பிறந்த அன்றே இறப்பதற்கென்று செய்யப்பட்டது. இரண்டும் கடதாசிதான், இரண்டும் ஒன்றல்ல.

பொலித்தீனின் வக்கீல்கள்

மேற்சொன்னவற்றைக் கேட்டதும் பொலித்தீன் வியாபாரி மகிழக்கூடும். "பார்த்தீர்களா, விஞ்ஞானமே எங்கள் பக்கம்" என்று அவர் கூறுவார். உலகின் பல நாடுகளிலே இத்தகைய ஆய்வுகள் பொலித்தீனுக்கு வக்காலத்து வாங்குவதற்குப் பயன்பட்டு வந்துள்ளன. ஆகவே அவருக்கும் மறுமொழி கூறியாகவேண்டும்.

டென்மார்க்கின் சுற்றாடல் முகவரகம் 2018இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. அந்நாட்டிலே குப்பை வீதியோரத்திற் கிடப்பதில்லை. சேகரிக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, அந்த வெப்பத்திலிருந்து சக்தி பெறப்படுகின்றது. எனவே ஆற்றிலும் கடலிலும் சேரும் பையின் தீங்கு அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. டென்மார்க்குக்கு அது பொருந்தலாம். கண்டிக்குப் பொருந்துமா?

கண்டி நகரின் குப்பை பல தசாப்தங்களாகக் கொட்டப்பட்டு வந்த இடம் கொஹாகொட. அது மகாவலியின் கரையிலே உள்ளது. அம்மேட்டிலிருந்து ஊறும் கசிவுநீர் ஆற்றைச் சேர்வதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். நகரத்தின் நடுவே கண்டி வாவியின் மிகை நீரைக் கொண்டுசெல்லும் மெத எல, வழியிலே கடைத்தெருக்களின் கழிவையும் ஏற்றுக்கொண்டு கெட்டம்பையிலே அதே ஆற்றில் விழுகின்றது. அங்கிருந்து கட்டுகஸ்தோட்டையைக் கடக்கும் ஆறு, பொல்கொல்லையை அடைகின்றது. 1976இல் அங்கு அமைக்கப்பட்ட அணைக்கட்டிலிருந்து மகாவலியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவெலவுக்கும், அப்பால் வரண்ட பிரதேசத்து வயல்களுக்கும் திருப்பப்படுகின்றது. இவ்வாறாகக் கண்டி கழுவி ஊற்றுவது கண்டியோடு நின்றுவிடுவதில்லை.

ஆற்றின் மற்றைய முனை எனது ஊர்ப் பக்கம். மகாவலி கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கும் மூதூர்ப் பகுதியிலிருந்து வந்தவன் நான். எங்கள் கரையிலே கரைவலை இழுக்கும்போது மீனோடு பொலித்தீனும் வருவதைச் சிறுவயது முதல் கண்டிருக்கின்றேன். அவை கண்டியிலிருந்து வந்தவை என்று நான் கூறவில்லை. இடையிலே விக்டோரியா, ரந்தெனிகல முதலிய பெரிய அணைகள் குறுக்கே நிற்கின்றன. எங்கள் ஊர்க் கடைகளும் அதே பையைத்தான் கொடுக்கின்றன. நான் கூறுவது இதுதான்: பொலித்தீன் பை பாவிக்கப்படும் நேரம் அரைமணி, அது சிதைந்து நுண்துகள்களாகி நீரிலும் மண்ணிலும் தங்கும் காலத்துக்கு மனித ஆயுள் அளவாகாது. வலை இழுப்பவனுடைய நேரத்தை எந்த ஆய்வும் கணக்கிற் சேர்ப்பதில்லை.

மனிதரின் நிலை இதுவாயின், வாய் பேசாத உயிர்களின் நிலை யாது? அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டிலுள்ள குப்பை மேட்டிலே பிளாஸ்ரிக்கை உண்டு எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தமை 2022 ஜனவரியில் உலகச் செய்தியாயிற்று. எனவே பொலித்தீனின் வக்கீல்களுக்கு நாம் கூறவேண்டிய மறுமொழி சுருக்கமானது: உற்பத்திக்குச் செலவாகும் சக்தியை மட்டும் எண்ணி, போய்ச் சேரும் இடத்தை எண்ணாத கணக்கு அரைக் கணக்கு. கடதாசியின் அன்பர்களோ போய்ச் சேரும் இடத்தை மட்டும் எண்ணி, பிறந்த இடத்தை மறந்துவிடுகின்றனர். அதுவும் அரைக் கணக்கே.

துணிப்பைக்கும் ஒரு சொல்

இவ்விரண்டும் வேண்டாம், துணிப்பையே சரணம் என்று கூறும் அறிஞர்களும் உளர். நமது விரிவுரையாளர் அறைகளில் ஆணிகளிலே தொங்கும் கருத்தரங்குத் துணிப்பைகளை எண்ணிப் பார்த்தாலே உண்மை புலப்படும். ஒரு கருத்தரங்குக்கு ஒரு பை. ஒவ்வொன்றிலும் ஆண்டும் தலைப்பும். ஒன்றேனும் சந்தையைக் கண்டதில்லை. மேற்சொன்ன பிரித்தானிய ஆய்வின்படி, பருத்திப் பை ஒரு மெல்லிய பொலித்தீன் பைக்குச் சமமாவதற்கு 131 முறை பாவிக்கப்படவேண்டும். வாரம் ஒருமுறை சந்தைக்குப் போனால் இரண்டரை ஆண்டு. டென்மார்க் ஆய்வோ, காலநிலையை மட்டும் நோக்கினால் 52 முறை என்றும், ஏனைய எல்லாத் தாக்கங்களையும் சேர்த்தால் 7100 முறை என்றும் கூறுகின்றது. பின்னைய கணக்குப்படி வாரமொருமுறை சந்தைக்குப் போகும் பேராசிரியர் ஒருவர் 136 ஆண்டு வாழவேண்டும். அவரிடமுள்ள பத்துப் பைகளுக்கும் எத்தனை பிறவி வேண்டும் என்பதை அவரே கணித்துக்கொள்ளட்டும்.

துணிப்பை வேண்டாம் என்பதன்று இதன் கருத்து. எந்தப் பையும் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று; எத்தனை முறை பாவிக்கப்படுகின்றது என்பதே அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றது. பொலித்தீன் பையின் வரலாறே இதற்குச் சான்று. 1965இல் ஐக்கிய அமெரிக்காவிலே காப்புரிமை பெற்ற இப்பையை வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்தாவ் தூலின் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர். கடதாசிப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கும் எண்ணத்துடனேயே தந்தை அதனைச் செய்தார் என்றும், மடித்த பை ஒன்றை அவர் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்றும் அவருடைய மகன் பிற்காலத்திற் கூறியுள்ளார். மரத்தைக் காக்க வந்த பொலித்தீனை ஒருமுறை பாவித்து எறிந்து கடலைக் கெடுத்தோம். இப்போது கடலைக் காக்கக் கடதாசியிடம் திரும்புகின்றோம். அதையும் ஒருமுறை பாவித்து எறிவோமாயின் மீண்டும் மரத்தடிக்கே வந்து நிற்போம். எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பயன்?

சட்டமும் சுமையும்

எய்தவன் யார்? இலவசமாகப் பையைக் கொடுத்து வியாபாரத்தைப் பெருக்கும் கடையும், மலிவாக அதைச் செய்து குவிக்கும் தொழிற்சாலையும், எறிந்ததோடு தன் கடன் முடிந்தது என்று எண்ணும் நாமும். நமது சட்டங்கள் நெடுங்காலமாக இம்மூவரையும் விட்டு, பொலித்தீனின் தடிப்பை அளந்துகொண்டிருந்தன. 2007இல் 20 மைக்குரோனுக்குக் குறைந்த பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. தடை ஏட்டில் இருந்தது. பை கடையில் இருந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லக் குப்பை மேடு சரிந்து 32 பேரைப் பலிகொண்டது. அதன் பின்னர் அவ்வாண்டு செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் சீற், றெஜிபோம் உணவுப் பெட்டி முதலியனவும் ஒருவகைப் பொலித்தீன் பைகளும் தடைசெய்யப்பட்டன. ஆயினும் தடிப்பான பைகளுக்கு வழி திறந்தே இருந்தது. பொருளை மாற்றினாற் போதும், பழக்கம் தொடரலாம் என்ற அதே சிந்தனை அரசாங்க வர்த்தமானியிலும் குடிகொண்டிருந்தது.

2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் சொப்பிங் பைகளை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, அவற்றுக்கு அறவிடும் விலையைப் பற்றுச்சீட்டிற் காட்டவேண்டும் என்று நுகர்வோர் விவகார அதிகாரசபை பணித்தது. முதற்றடவையாக, கேள்வி பையின் தடிப்பைவிட்டு அதன் இலவசத்தை நோக்கித் திரும்பியது. இது வரவேற்கத்தக்கது. அயர்லாந்திலே 2002இல் ஒவ்வொரு பைக்கும் 15 சதம் வரி விதிக்கப்பட்டபோது பாவனை 90 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. ஆனால் அங்கு அப்பணம் சுற்றாடல் நிதியமொன்றுக்குச் சென்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. பைக்கு அறவிடும் பணம் கடைக்காரரின் இலாபமாக முடியுமாயின், அவருக்குப் பையைக் குறைக்கும் ஆவல் எப்படிப் பிறக்கும்?

"பைக்கு விலை வைத்தால் ஏழைகளல்லவா பாதிக்கப்படுவர்?" என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். ஏழைகள்மீது நமக்குத் திடீரெனப் பிறக்கும் இந்தப் பரிவைச் சற்று ஆராய்வது நல்லது. ஹந்தானைத் தோட்டத்திலிருந்து சம்பள நாளிற் கண்டிச் சந்தைக்கு வரும் தொழிலாளப் பெண்ணின் கையிலே ஒரு சாக்குப்பை இருக்கும். அது கிழிந்தால் தைக்கப்படும். எனது அம்மம்மாவின் பன்பை பிடி அறுந்த பின்னரும் வெங்காயம் போட்டுவைக்க உதவியது. வெறுங்கையோடு சந்தைக்குப் போகும் வழக்கம் ஏழைகளிடமிருந்து தோன்றியதன்று. வசதி படைத்தோரிடமிருந்தே தோன்றியது. அவ்வழக்கத்தின் விலையை ஏழைகள் செலுத்துகின்றனர். மீதொட்டமுல்லவில் மாண்டோர் குப்பை மேட்டின் அடிவாரத்தில் வாழ்ந்தவர்கள். பையை இலவசமாக வாங்கி வசதியாக வாழ்ந்தவர்கள் அல்லர்.

கண்டியிலே இந்த உண்மைக்கு ஒரு முகவரியுண்டு. அது மஹியாவ. நகரசுத்தித் தொழிலுக்கென்று பிரித்தானியர் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் அங்கு நெருக்கமான வரிசை வீடுகளிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். தலதா வீதியும் கொழும்பு வீதியும் விடியுமுன் சுத்தமாகியிருப்பது அத்தகைய தொழிலாளரின் உழைப்பால். பெரஹரா முடிந்த இரவுகளிற் குவியும் பைகளைக் குனிந்து பொறுக்குவதும், அழுகிய சோறு கட்டிய பையை வெறுங்கையால் அவிழ்ப்பதும், அடைத்த கானுக்குள் இறங்குவதும் அத்தகைய கைகளே. தமிழ் விழாக்களிலே ஐந்திணை பற்றியும் இயற்கையோடு இயைந்த பழந்தமிழர் வாழ்வு பற்றியும் மணிக்கணக்கில் உரையாற்றுகின்றோம். அவ்விழா முடிந்த மண்டபத்தின் குப்பையை எந்தத் தமிழர் அள்ளிச் செல்கின்றார் என்று எப்போதாவது திரும்பிப் பார்த்திருக்கின்றோமா? சுற்றாடல் என்பது மரமும் ஆறும் மாத்திரமன்று. நாம் எறிவதை எடுக்கும் மனிதனும் அதனுள் அடக்கம்.

இந்நோக்கிலே பார்த்தால் கடதாசியா பொலித்தீனா என்ற விவாதத்தின் வறுமை தெளிவாகும். மஹியாவத் தொழிலாளிக்கு நனைந்த கடதாசிப் பையும் பாரமே. பொலித்தீன் பையும் பாரமே. அவரது சுமை குறைவதற்கு வழி ஒன்றேயுண்டு: எறியப்படும் பைகளின் தொகை குறையவேண்டும்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. நமது விழாக்களிலே பையே கொடுக்காதிருக்கலாம். மலரைக் கையிற் கொடுத்தால் வாங்குவோர் கையிற் கொண்டுசெல்வர். கருத்தரங்குகளுக்குப் புதிய துணிப்பை அச்சிடுவதை நிறுத்தி, உள்ளவற்றைக் கொண்டுவருமாறு அழைப்பிதழிலேயே கேட்கலாம். நம்மிடம் ஏற்கனவே சேர்ந்துவிட்ட பொலித்தீன் பைகளை எறியாது, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கிழியுமட்டும் பாவிக்கலாம். தூலின் அதைத்தான் செய்தார். பைக்கு அறவிடப்படும் பணம் நகரசுத்தித் தொழிலாளரின் கையுறைக்கும் காலணிக்கும் வீட்டுக்கும் செல்லவேண்டும் என்று மாநகரசபையிடமும் அரசிடமும் கேட்பது நமது கடமை. மாணவர் அமைப்புகள் எத்தனையோ கோரிக்கைகளுக்காகக் கண்டி வீதிகளில் ஊர்வலம் சென்றுள்ளன. நாம் நடந்த பாதையை மறுநாள் கூட்டியவர்களுக்காக ஒருமுறை சென்றால் குறைவொன்றும் நேர்ந்துவிடாது.

அன்று மழையில் நனைந்த அந்த விழா மலர் இன்னும் என் மேசைமீது உள்ளது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்க முடிந்த பக்கங்களிலே சுற்றாடலைக் காப்பது பற்றிய ஒரு கட்டுரை இருந்தது; நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. இக்கட்டுரையும் அவ்வாறே வாசிக்கப்பட்டு மறக்கப்படலாம். அப்படியாயின் இதுவும் ஒருமுறை பாவித்து எறியப்பட்ட கடதாசியே. இம்மலரை வாங்குவோர் பையொன்றைக் கேட்காது வாங்குவாராயின், இதற்குச் செலவான கடதாசிக்கு ஓரளவேனும் நியாயம் கிடைத்ததாகக் கொள்வேன்.